பிளானை மறுத்துவிட்டார்களா? நியூயார்க் ஊர்களில் ஸோனிங் மேல்முறையீடு நடக்கும் விதம்

நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் பின்னால் மரப்பலகையில் ஒரு டெக், அதாவது திறந்த மேடை, போட ஆசை. எந்த இடத்தில் எதை, எவ்வளவு கட்டலாம் என்று வகுக்கும் ஊரின் ஸோனிங் சட்டமோ பின்பக்கம் 25 அடி காலியாக விட வேண்டும் என்கிறது. நம் ஊர்க் கட்டட வேலைக்காரர்கள் செட்பேக் என்று சொல்வார்களே, அதேதான். டெக் போட்டால் 19 அடிதான் மிஞ்சும். கட்டட ஆய்வாளர் வரைபடத்தைப் பார்க்கிறார், அளவைப் பார்க்கிறார், விண்ணப்பத்தை மறுத்துக் கடிதம் கொடுத்துவிடுகிறார்.

இந்த இடத்தில் பலரும் அவரோடு மல்லுக்கு நிற்கிறார்கள். ஆறு அடிதானே, பின்னால் வெறும் மரங்கள்தானே என்று கேட்டுப் பார்க்கிறார்கள். அதனால் ஒன்றும் ஆகாது. சட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு உங்கள் வரைபடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. ஆறு அடி என்ன, ஆறு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் ஸோனிங் மேல்முறையீட்டு வாரியத்திடம் இருக்கிறது. அந்த வாரியமோ, பொதுவாக, ஓர் அதிகாரி எழுத்தில் முடிவு சொன்ன பிறகுதான் விஷயத்தைக் கையில் எடுக்கும். ஆகவே மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். அது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

இந்த வாரியம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் குணம் புரிந்துவிடும். 1915-ல் மன்ஹாட்டனில், பிராட்வே 120-ஆம் எண்ணில், ஈக்விடபிள் கட்டடம் எழுந்தது. ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைந்த மனையில் சுமார் 12 லட்சம் சதுர அடி. தெரு விளிம்பிலிருந்து எங்கும் உள்வாங்காமல் நேர்ச்சுவராக மேலே போனது. சுற்றியிருந்த கட்டடங்களின் வெளிச்சமெல்லாம் போயிற்று. அடுத்த ஆண்டே, 1916 ஜூலையில், நகரம் முழுவதுக்குமான ஸோனிங் சட்டத்தை நியூயார்க் கொண்டுவந்தது. எந்தத் தெருவில் என்ன பயன்பாடு, எவ்வளவு உயரம் என்றெல்லாம் அது வகுத்தது.

அந்தச் சட்டத்தை உருவாக்கியதில் முன்னின்றவர் எட்வர்ட் பாசெட் என்ற வக்கீல். அவருக்கு ஒரு பயம் இருந்தது. நகரம் முழுவதுக்கும் ஒரே அளவுகோல் போட்டால், எங்கேயோ ஒரு கோணல் மனைக்கு அது அநியாயமாகத்தான் போய் முடியும். அந்த மனைக்காரர் நீதிமன்றத்துக்குப் போவார். நீதிபதி மொத்தச் சட்டத்தையே செல்லாது என்று சொல்லிவிட்டால்? அதனால் விதி பொருந்தாத தனித்தனி இடங்களை உள்ளூரிலேயே கேட்டுத் தீர்க்க ஒரு வாரியம் தேவைப்பட்டது. 1920-களில் அமெரிக்க வணிகத் துறை, ஹெர்பர்ட் ஹூவர் அமைச்சராக இருந்தபோது, மாநிலங்களுக்கென்று ஒரு மாதிரி ஸோனிங் சட்டத்தை அச்சிட்டு அனுப்பியது. அதிலும் இந்த வாரியம் இடம்பெற்றது. 1926-ல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், ஸோனிங் அரசியல் சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு ஸோனிங் நாடெங்கும் பரவியது. கூடவே இந்த வாரியமும்.

நியூயார்க் மாநிலச் சட்டப்படி ஒரு டவுனின் வாரியத்தில் மூன்று அல்லது ஐந்து பேர் இருப்பார்கள். அவர்களை நியமிப்பது டவுன் போர்டு, அதாவது அங்கே சட்டம் போடும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை. ஆனால் டவுன் போர்டில் இருப்பவர் இந்த வாரியத்தில் உட்கார முடியாது. சட்டம் போடுகிறவரே விலக்கும் கொடுக்கக் கூடாது என்பது கணக்கு. உறுப்பினர்கள் பெரும்பாலும் அதே ஊரில் குடியிருக்கும் சாதாரண மனிதர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், கட்டட ஒப்பந்தக்காரராக இருக்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. நியூயார்க் நகரத்தில் மட்டும் கதை வேறு: அங்கே மேயர் நியமிக்கும் ஐந்து ஆணையர்கள், ஆறாண்டுப் பதவிக்காலம், அவர்களில் ஒருவர் நகரத் திட்ட வல்லுநர், ஒருவர் கட்டடக் கலைஞர், ஒருவர் பொறியாளர். இனி நான் சொல்லப்போவது நகரத்துக்கு வெளியே உள்ள டவுன்களின் நடைமுறை. வில்லேஜ்களிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

சரி, இந்த வாரியத்திடம் என்ன கேட்கலாம்? இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். 'இந்த 25 அடி விதியே முட்டாள்தனம், அதை மாற்றுங்கள்' என்று அங்கே போய்ச் சொன்னால் நேரம்தான் வீண். விதியை மாற்றுவது டவுன் போர்டின் வேலை. விதி அப்படியே இருக்கட்டும், என் விஷயத்தில் ஆய்வாளர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று வாதிடலாம்; அல்லது விதி சரிதான், அவர் படித்ததும் சரிதான், ஆனால் என் மனைக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்கலாம். இரண்டும் வெவ்வேறு வழக்குகள். ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் கேட்கலாம், அதில் தவறில்லை. ஆனால் எதற்கு எது ஆதாரம் என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வகைக்கு ஓர் உதாரணம். ஒரு பெண் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறார். குடியிருப்புப் பகுதியில் 'வீட்டுத் தொழில்' நடத்தலாம் என்று ஊர்ச் சட்டம் சொல்கிறது. எது வீட்டுத் தொழில் என்று தெளிவாகச் சொல்லவில்லை. ஆய்வாளர் இது நடனப் பள்ளி, வணிகப் பகுதியில்தான் நடத்தலாம் என்கிறார். இங்கே அந்தப் பெண் விலக்குக் கேட்கத் தேவையே இல்லை. சட்டத்தின் வாசகத்துக்கு என்ன பொருள் என்பதுதான் கேள்வி. வாசகம் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுத்தால், நில உரிமையாளருக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும் என்று நியூயார்க் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. எனக்குத் தெரிந்தவரை மக்கள் அதிகம் தவறவிடுவது இந்த வழியைத்தான். சட்டப் புத்தகத்தின் வரையறைப் பகுதியைத் திறந்து பார்க்காமலே நேராக விலக்குக் கேட்கப் போய்விடுகிறார்கள். விலக்குக் கேட்பதே, விதி எனக்குப் பொருந்தும் என்று ஒத்துக்கொண்ட மாதிரி.

இரண்டாவது வகையான விலக்கிலும் இரண்டு உண்டு. டெக் போல அளவு சம்பந்தப்பட்டது ஒன்று: செட்பேக், உயரம், மனைப் பரப்பு, வேலியின் உயரம். இதைப் பரப்பு விலக்கு என்று சொல்லலாம். அந்தப் பகுதியில் அனுமதியே இல்லாத பயன்பாட்டைக் கேட்பது மற்றொன்று: குடியிருப்புத் தெருவில் கடை வைப்பது போல. இது பயன்பாட்டு விலக்கு. முதலாவது கிடைப்பது அன்றாடம் நடக்கிற காரியம். இரண்டாவது அபூர்வம், அபூர்வமாகவே இருக்க வேண்டும் என்றுதான் சட்டமும் நினைக்கிறது.

இப்போது காலக்கெடு. அதிகாரியின் முடிவு முறைப்படி பதிவான நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். செய்துவிட்டால் அந்த முடிவை நிறைவேற்றும் நடவடிக்கைகள் நின்றுவிடும். உதாரணமாக, ஏற்கெனவே போட்ட கொட்டகையை அகற்று என்ற உத்தரவுக்கு எதிராகப் போனால், வாரியம் முடிவு சொல்லும்வரை டவுன் உங்களைத் துரத்தாது. உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்று அதிகாரி சான்று கொடுத்தால் மட்டும் இந்தத் தடை கிடையாது.

விசாரணைக்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பாகச் செய்தித்தாளில் பொது அறிவிப்பு வர வேண்டும். பல ஊர்கள், குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு விண்ணப்பதாரரே கடிதம் அனுப்ப வேண்டும் என்றும் விதி வைத்திருக்கின்றன. மாநில நெடுஞ்சாலை, கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) சாலை, பூங்கா, ஊர் எல்லை போன்ற இடங்களிலிருந்து 500 அடிக்குள் மனை இருந்தால் விஷயம் பெரும்பாலும் கவுன்ட்டித் திட்டக் குழுவுக்கும் போகும். அவர்களுக்கு 30 நாள். அவர்கள் வேண்டாம் என்றால் அதை மீற வாரியத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதாது. அதற்கு மேல் இன்னொரு ஓட்டும் வேண்டும். இந்த அனுப்புதலை மறந்துவிட்டு முடிவெடுத்தால் அந்த முடிவையே நீதிமன்றம் செல்லாததாக்கலாம். ஜெயித்த விண்ணப்பதாரருக்கு இதைவிட எரிச்சலான தோல்வி இருக்க முடியாது. ஆகவே, கவுன்ட்டிக்கு அனுப்பியாயிற்றா என்று நீங்களே டவுன் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

விசாரணை பெரும்பாலும் ஒரு வேலைநாள் மாலையில், டவுன் ஹாலில். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். நீங்களோ உங்கள் வக்கீலோ எழுந்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். சின்ன டெக்குக்கு வக்கீல் வைக்காமலே பலர் போகிறார்கள். அப்புறம் உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், அக்கம்பக்கத்தார் பேசுவார்கள். வாரியம் தங்களுக்குள் விவாதிப்பதுகூடப் பொதுவாக எல்லோர் முன்னிலையில்தான் நடக்க வேண்டும்.

பரப்பு விலக்குக்கு வாரியம் போட வேண்டிய கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. விலக்குக் கொடுத்தால் உங்களுக்கு என்ன நன்மை, கொடுத்தால் அக்கம்பக்கத்தின் நலத்துக்கு என்ன கேடு, இரண்டையும் எடை போட வேண்டும். அதற்கு ஐந்து கேள்விகள். நம் டெக்கை வைத்தே பார்ப்போம். தெருவின் தன்மை கெடுமா? பின்பக்க டெக் தெருவிலிருந்து தெரியவே தெரியாது. அதே தெருவில் ஏழு வீட்டில் டெக் இருந்தால் படம் எடுத்துக்கொண்டு போங்கள். விலக்கு இல்லாமலே உங்கள் ஆசையை வேறு விதமாக நிறைவேற்ற முடியுமா? இது கொஞ்சம் கஷ்டமான கேள்வி. டெக்கின் அகலத்தைக் குறைக்கலாமே, பக்கவாட்டில் போடலாமே என்பார்கள். பக்கவாட்டில் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது, அதனால் முடியாது என்று வரைபடத்தோடு காட்டினால் அது பதில். பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்பது பதில் ஆகாது. கேட்கும் விலக்கு பெரியதா? 25-ல் 6 அடி என்றால் 24 சதவீதம். சதவீதம் மட்டும் முடிவு செய்வதில்லை, ஆனாலும் வாரியம் அதைக் கட்டாயம் கணக்கிடும். மண், மழைநீர், சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் உண்டா? ஈர நிலமோ சரிவோ இல்லையென்றால் இது சீக்கிரம் முடிந்துவிடும். கடைசியாக, இந்தச் சிக்கலை நீங்களே வரவழைத்துக்கொண்டீர்களா? வீடு வாங்கும்போதே 25 அடி விதி இருந்ததல்லவா? ஆம், பெரும்பாலும் எல்லோருமே இதில் மாட்டுவார்கள். ஆனால் பரப்பு விலக்கில் இந்த ஒரு பதிலுக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

1992-க்கு முன் இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாக இல்லை. 'நடைமுறைச் சிரமம்' என்ற பழைய அளவுகோலை வைத்து ஊருக்கு ஓர் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதிய வாசகம் வந்த பிறகு, ஹென்டர்சன் என்ற ஏரிக்கரை டவுனில் விதித்த அளவுக்குக் குறைந்த சின்ன மனையில் படகுக் கொட்டகை கட்டக் கொடுத்த விலக்கை எதிர்த்து ஒரு வழக்கு மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம்வரை போனது. 1995-ல், சாஸோ வழக்கு என்று சொல்லப்படும் அந்தத் தீர்ப்பில், சிரமத்தைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை, இந்த எடைபோடுதல்தான் சட்டம் என்று நீதிமன்றம் உறுதி செய்தது. விலக்கும் நிலைத்தது.

பயன்பாட்டு விலக்கு வேறு மாதிரி. அங்கே எடைபோடுதல் கிடையாது. நான்கு நிபந்தனைகள், நான்கையும் நிரூபிக்க வேண்டும், மூன்று போதாது. அனுமதிக்கப்பட்ட எந்தப் பயன்பாட்டிலும் இந்த நிலத்திலிருந்து நியாயமான வருமானம் வராது. அதைப் பணக்கணக்கோடு காட்ட வேண்டும், வாங்கிய விலை, வரி, வாடகை மதிப்பு எல்லாவற்றோடும். சிரமம் இந்த நிலத்துக்கே உரியது, தெரு முழுவதுக்கும் பொது அல்ல. கொடுத்தால் பகுதியின் அடிப்படைத் தன்மை மாறாது. சிரமத்தை நீங்கள் வரவழைத்துக்கொள்ளவில்லை. இங்கே கடைசி நிபந்தனை உயிரை வாங்கும். குடியிருப்புப் பகுதி என்று தெரிந்தே கடை போடும் எண்ணத்தில் வீட்டை வாங்கியவருக்கு அதோடு கதை முடிந்தது.

இந்தக் கடுமை பழையது. லின்புரூக் என்ற லாங் ஐலண்ட் ஊரில் ஸ்கேட்டிங் அரங்கம் கட்டக் கொடுத்த விலக்கை 1939-ல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் ரத்து செய்தபோது, இந்த நிபந்தனைகளின் முதல் வடிவத்தை வகுத்தது. அதிலுள்ள வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது: சிரமம் ஒரு பகுதி முழுவதுக்கும் பொதுவென்றால், பரிகாரம் ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுப்பதில் இல்லை, சட்டத்தையே திருத்துவதில்தான் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் செய்யட்டும்.

இதுவரை வீட்டுக்காரரின் பக்கம் நின்று பேசினேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே வாரியம்தான். ஆய்வாளர் உங்கள் எதிர்வீட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டார், அது தவறு என்று நீங்கள் நினைத்தால், நீங்களும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 'பாதிக்கப்பட்டவர்' என்று காட்ட வேண்டும். நெருக்கமாகக் குடியிருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். போட்டி மட்டும் காரணம் என்றால் போதாது. நார்த் ஹெம்ப்ஸ்டெட் டவுனில், கார் கழுவும் நிலையம் நடத்திய ஒரு நிறுவனம், எதிரே இன்னொரு கார் கழுவும் நிலையம் வருவதை எதிர்த்து நீதிமன்றம் போனது. உன் வியாபாரத்துக்குப் போட்டி வராமல் காப்பது ஸோனிங்கின் வேலை இல்லை என்று 1987-ல் தீர்ப்பாயிற்று.

கூட்டத்தில் நாற்பது பேர் வந்து 'வேண்டாம், வேண்டாம்' என்று சொன்னால் வாரியம் பயந்துவிடுமா? மனிதர்கள்தானே, கொஞ்சம் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் பொத்தாம்பொதுவான எதிர்ப்பை மட்டும் வைத்து மறுத்தால் அந்த மறுப்பு நீதிமன்றத்தில் நிற்காது. 'போக்குவரத்து நெரிசல் ஆகும்' என்பது எதிர்ப்பு. 'இந்த வளைவில் 19 அடி விட்டால் வண்டியை வெளியே எடுக்கும்போது வலப்பக்கம் தெரியாது, இதோ படம்' என்பது ஆதாரம். எதிர்க்கப் போகிறவர்கள் கையெழுத்து வேட்டைக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இந்த மாதிரி ஒரு படத்துக்குச் செலவழித்தால் பலன் அதிகம்.

விசாரணை முடிந்து 62 நாளுக்குள் முடிவு. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் நீட்டலாம். ஓட்டெடுப்பில் ஒரு நுணுக்கம் உண்டு: வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, வாரியத்தின் மொத்த எண்ணிக்கையில் பெரும்பான்மை வேண்டும். ஐந்து பேர் வாரியத்தில் அன்று மூன்று பேர்தான் வந்திருந்தால் மூன்று ஓட்டும் உங்களுக்கு விழுந்தாக வேண்டும். அப்படிப்பட்ட இரவில், அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவையுங்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விவரம் தெரிந்த வக்கீல்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

கேட்டது முழுவதும் கிடைக்க வேண்டும் என்பதில்லை. தேவைக்குப் போதுமான மிகக் குறைந்த விலக்கையே வாரியம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆறு அடி கேட்டால் நான்கு கொடுக்கலாம். வேலியோரம் செடி வளர்க்க வேண்டும், டெக்குக்குக் கூரை போடக் கூடாது என்று நிபந்தனையும் வைக்கலாம். ஆனால் நிபந்தனை நிலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். நீ இங்கே இருக்கும்வரைதான் என்று ஆளைக் கட்டுவது செல்லாது. கிடைத்த விலக்கு வீட்டோடு போகும். நாளைக்கு வீட்டை விற்றாலும் டெக் டெக்தான்.

முடிவுக்கான காரணத்தை வாரியம் எழுத்தில் வைக்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஹன்டிங்டன் டவுன் தொடர்பான 1986-ஆம் ஆண்டு வழக்கில் உயர்ந்த நீதிமன்றம் ஒன்றைச் சொன்னது: ஒரே மாதிரி உண்மைகள் உள்ள விஷயத்தில் முன்னே ஒரு முடிவும் இப்போது வேறு முடிவும் எடுத்தால், ஏன் என்று வாரியம் விளக்கியாக வேண்டும். ஆகவே பழைய முடிவுகளை டவுன் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படிப்பதுதான் ஒரு விண்ணப்பதாரர் செய்யக்கூடிய மிக உருப்படியான வீட்டுப்பாடம். உங்கள் தெருவில் போன ஆண்டு யாருக்கோ ஏழு அடி கொடுத்திருந்தால், அந்தத் தாள் பத்துப் பேரின் பேச்சுக்குச் சமம்.

மாநிலம் மாறினால் எண்களும் மாறும். தமிழர்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சியில் வாரியத்தில் ஏழு பேர். பயன்பாட்டு விலக்குக்கு அதில் ஐந்து ஓட்டு வேண்டும். நம் ஊரோடு ஒப்பிட்டால் அமைப்பே வேறு. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்ட அனுமதி மறுத்தால், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி மேல்முறையீடு தமிழ்நாடு அரசுக்குப் போகிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் கேட்டு முடிவு சொல்லும் ஏற்பாடு அங்கே இல்லை. அமெரிக்க முறைக்கும் குறை உண்டு: தெரிந்த முகம், உள்ளூர் அரசியல், வருபவர்களில் வீட்டுக்காரர்களே அதிகம், வாடகைக்கு இருப்பவர்கள் குறைவு. ஆனாலும் யார் என்ன காரணத்துக்காக ஓட்டுப் போட்டார்கள் என்பது அன்றிரவே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தோற்றுவிட்டால்? வாரியம் மறுபடி விசாரிக்க வேண்டுமென்றால் வந்திருக்கும் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒருமனதாக ஒத்துக்கொள்ள வேண்டும், நடப்பது அரிது. மற்றபடி நீதிமன்றம்தான். நியூயார்க்கில் இது 78-ஆம் பிரிவு நடவடிக்கை என்று வழங்குகிறது. நீதிபதி உங்கள் டெக்கைப் பற்றிப் புதிதாக முடிவெடுக்க மாட்டார். வாரியம் சட்டம் சொன்ன கேள்விகளைக் கேட்டதா, பதிவில் இருக்கும் ஆதாரத்துக்கும் முடிவுக்கும் சம்பந்தம் இருக்கிறதா, மனம்போன போக்கில் நடந்ததா என்று மட்டும் பார்ப்பார். பொதுவாக விசாரணையில் நீங்கள் வைக்காத படத்தை அங்கே புதிதாக வைக்க முடியாது.

இதற்குக் கெடு 30 நாள். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, முடிவு டவுன் கிளார்க் அலுவலகத்தில் பதிவான நாளிலிருந்து. வாரியம் ஓட்டெடுத்த பின் ஐந்து வேலைநாளுக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். எனவே ஓட்டெடுப்பு முடிந்த வாரத்திலேயே கிளார்க்குக்குப் போன் போட்டு, எந்தத் தேதி முத்திரை விழுந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.